ரயில் கேட்டை மூடச் சொன்ன லவோன்

லவோன் ஸ்டுக்கியை எனக்குப் பிடிக்காது. இப்போதும் முழுசாகப் பிடித்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் அவள் செய்ததை என் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் பார்த்த எந்தக் கூட்டமும் பழைய மாதிரி இல்லை.

எங்கள் ஊர் வெண்டலை ரயில் பாதை இரண்டாகக் கிழித்துப் போட்டிருக்கிறது. வடக்கே நகர சபை, தேவாலயங்கள், வங்கி, நீச்சல் குளம், லவோன். தெற்கே பன்றி இறைச்சி ஆலை, அதன் நாற்றம், ஆலையில் வேலை செய்பவர்களின் டிரெய்லர் வீடுகள், ஸ்பானிஷ் பேசும் நாங்கள். கடந்துபோக இரண்டே வழி. ஒன்று பெரிய சாலைக் கேட். அதில் சரக்கு ரயில் வந்து நின்றால் நின்றதுதான், எப்போது நகரும் என்று கடவுளுக்கும் தெரியாது. இன்னொன்று கிழக்கே, வயல்களுக்கு நடுவில், சரளைச் சாலையில் இருக்கிறது. அதைக் கேட் என்பது பேச்சுக்குத்தான். கட்டையும் கிடையாது, விளக்கும் கிடையாது, பெருக்கல் குறி போல ஒரு வெள்ளைப் பலகை மட்டும். ஆனால் நிற்கிற ரயிலின் வால் அதுவரை எட்டாது.

நவம்பரில் என் அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டபோது பெரிய கேட்டில் ரயில் நின்றது. ஆம்புலன்ஸ் ஓட்டியவனுக்குச் சரளைச் சாலை தெரிந்திருந்தது. அதனால் எனக்கு இன்று அம்மா இருக்கிறாள். எனக்கு விஷயம் இவ்வளவுதான்.

ஜனவரியில் ரயில் கம்பெனி நகர சபைக்கு ஒரு யோசனை சொன்னது. அந்தச் சரளைச் சாலைக் கேட்டை நிரந்தரமாக மூடிவிட்டால் ஊருக்கு நல்ல தொகை தருவார்களாம். நீச்சல் குளத்தின் தரை வெடித்து இரண்டு கோடையாகப் பூட்டிக் கிடந்தது. வடக்குப் பக்கத்துக்குக் கணக்கு சுலபமாக இருந்தது.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். படித்ததெல்லாம் கோபமாகத்தான் மிஞ்சியது. திரும்பி வந்த வருஷம் உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்து அரங்கில் வேட்பாளர் கூட்டம் நடந்தது. நடத்தியது வெண்டல் குடிமக்கள் மன்றம். கட்சி கிடையாது, யாருக்கும் ஓட்டு கேட்காது, சம்பளம் கிடையாது. மளிகைக் கடை வாசலில் மேசை போட்டு வாக்காளர் பட்டியலில் பேர் சேர்ப்பார்கள், எல்லா வேட்பாளர்களையும் ஒரே மேடையில் உட்கார வைப்பார்கள், ஊரில் நடக்கும் ஒவ்வொரு பொதுக் கூட்டத்துக்கும் போய்ப் பின்வரிசையில் உட்காருவார்கள். பெரும்பாலும் வெள்ளைக்காரக் கிழவிகள். வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

மேடையில் கெர்ஹார்ட் பேசிக்கொண்டிருந்தார். ஆலையின் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஆளின் குரல் நடைவழியில் கேட்டாலே என் அப்பா தொப்பியைக் கழற்றிவிடுவார். இருபது வருஷம் அப்படித்தான். கெர்ஹார்ட் பேச்சை இடையில் நிறுத்திய மனிதரை நான் பார்த்ததில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, நேரம் முடிந்தது என்று மடியிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்துத் தூக்கினாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. கெர்ஹார்ட் பாதி வாக்கியத்தில், வாய் திறந்தபடி, நின்றுபோனார். உட்கார்ந்தார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆயிரம் பேர் வேலை பார்க்கிற ஆலையை ஒரு அட்டைத் துண்டு உட்கார வைத்த மாதிரி இருந்தது. மறுநாளே மன்றத்தில் சேர்ந்தேன். கெர்ஹார்ட் ஜெயித்து மேயரும் ஆனார், அது வேறு.

அந்த அட்டைக்காரிதான் லவோன்.

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்துக்குப் போகும்போது நீல நிறத்தில் வட்டமான பேட்ஜைக் குத்திக்கொள்ள வேண்டும். பேட்ஜ் சட்டையில் இருக்கும்வரை நீ மன்றத்தின் கண், மன்றத்தின் காது. வாய் கிடையாது. உனக்காகப் பேச வேண்டுமென்றால் பேட்ஜைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு மைக்குக்குப் போகலாம். எதைப் பற்றியும் மன்றமே ஒரு நிலை எடுக்க வேண்டுமென்றால் மாதக்கணக்கில் படித்து, பேசி, எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ரயில் கம்பெனியின் யோசனையை நகர சபையில் வாசித்தபோது நான் பின்வரிசையில் பேட்ஜோடு உட்கார்ந்திருந்தேன். எழுந்து கத்தினேன்.

"தெற்குப் பக்கம் ஒரு நாளாவது படுத்துத் தூங்கியிருக்கீங்களா மேயர்?"

கெர்ஹார்ட் கோபப்படவில்லை. சிரித்தார். "ஓ, மன்றம் இப்போ ஒரு பக்கம் சாய்ஞ்சிருச்சா? நல்லது, தெரிஞ்சுக்கிட்டோம்."

அந்த வாரமே நகர சபை உறுப்பினர்கள் இரண்டு பேர், அடுத்த வேட்பாளர் கூட்டத்துக்கு வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒருதலையான மேடையாம். மன்றத் தலைவி மார்லிஸ் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டாள். அப்புறம் தன் சமையலறையில் எல்லோரையும் கூட்டினாள். வெந்நீர் மாதிரிக் காப்பி. லவோன் கொண்டுவந்த பொரி இனிப்புக் கட்டிகள்.

"நான் சொன்னது தப்பா, இல்ல சொன்ன இடம் தப்பா?" என்றேன்.

"சொன்னப்போ போட்டிருந்த பேட்ஜ் தப்பு," என்றாள் லவோன். "சொன்னதும் தப்புதான். அது என் சொந்த அபிப்பிராயம். அந்தக் கேட்டை மூடணும்னுதான் நான் நினைக்கிறேன். அதுக்காகப் பேட்ஜோட வாயைத் திறந்தேனா?"

"உங்களுக்கு நீச்சல் குளம் வேணும். சொல்லிட்டுப் போங்களேன்."

"எனக்கு நீச்சலே தெரியாது, கண்ணு."

"என்னைக் கண்ணுன்னு கூப்பிடாதீங்க."

"சரி, யெசேனியா. இனிப்பு எடுத்துக்கோ. கோபத்துல பசி எடுக்கும்."

எடுக்கவில்லை. மன்றம் இதைப் பற்றி உடனே ஒரு நிலை எடுக்க வேண்டும் என்று கேட்டேன். மார்லிஸ் தலையை ஆட்டினாள். ஒரு மாதத்தில் வாக்கெடுப்பு, மன்றம் படித்து முடிக்க ஆறு மாதமாவது ஆகும். "நீங்க படிச்சு முடிக்கிறப்போ அந்தச் சாலையில புல் முளைச்சிருக்கும்," என்றேன். "இருக்கலாம்," என்றாள் மார்லிஸ். அந்த நிதானத்தைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர்கள் செய்ய ஒத்துக்கொண்டது ஒன்றுதான். ஊரின் இரண்டு பக்கமும் ஒரு வீடு விடாமல் கதவைத் தட்டி ஒரு தாள் கொடுப்பது. கூட்டம் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த அறையில், பேச விரும்புகிறவருக்கு மூன்று நிமிடம், கூட்டிவர இலவசப் பேருந்து உண்டு. ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும். கேட்டை மூடுவது நல்லதா கெட்டதா என்று ஒரு வார்த்தை கிடையாது. 'நம் கேட்டைக் காப்பாற்றுவோம்' என்று நான் எழுதிக்கொடுத்த வரியை மார்லிஸ் கிழித்துக் குப்பையில் போட்டாள். என் முன்னாலேயே.

டிரெய்லர் வீடுகளின் பங்கு லவோனுக்கு விழுந்தது. எழுபது தாண்டிய உடம்பு, முழங்கால் பனி, நாய்கள். எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தது அப்பா. அன்று ராத்திரி சாப்பாட்டில் சொன்னார்:

"ஒரு கிழவி வந்தாம்மா. தாளைக் குடுத்துட்டு, 'உங்களுக்குத் தோணுறதைப் பேசுங்க'ன்னா. என்ன பேசணும்னு கேட்டேன். 'அதை மட்டும் என்கிட்ட கேக்காதீங்க'ன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு போயிட்டா. பயமாயிருச்சு எனக்கு."

"போவீங்களாப்பா?"

"கெர்ஹார்ட் இருப்பாருல்ல?"

"அவருதான் மேயர்."

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா, "போவாரு," என்று சொல்லிவிட்டு சோள மாவில் அவித்த தமாலே இன்னொன்றை அவர் தட்டில் வைத்தாள்.

கூட்டத்தன்று மதியத்திலிருந்தே பனி கொட்டியது. லூத்தரன் தேவாலயத்தின் பேருந்தை மார்லிஸ் இரவல் வாங்கியிருந்தாள். இரண்டு பக்கத்துக்கும் சமமாக இருக்க வேண்டுமே, அதனால் பேருந்து முதலில் வடக்கைச் சுற்றி, அப்புறம் தெற்கே போய், எல்லோரையும் ஏற்றிக்கொண்டு நகர சபைக்கு வரும். வடக்கிலிருந்து ஏறியது ஒரே ஒரு ஆள், ஆர்லோ. இரும்புக் கடை வைத்திருந்து விற்றவர். கேட்டை மூடணும் என்று காப்பிக் கடையில் தினமும் பேசுகிறவர். காரில் வர நாலு தெரு, ஆனால் இலவசம் என்றதும் மனுஷனுக்கு மனசு கேட்கவில்லை. அப்படித்தான் அந்த ஆளும் தெற்கே போய்ச் சேர்ந்தார்.

நகர சபை அறை மாடியில். தெற்குப் பார்த்த பெரிய ஜன்னல். மேடையில் மேயரும் ஏழு உறுப்பினர்களும். பின்வரிசையில் நாங்கள், நீலப் பேட்ஜோடு. நடுவில் காலி நாற்காலிகள். பேருந்து வரவில்லை.

என் போனில் அப்பாவின் செய்தி வந்தது. 'பெரிய கேட்ல ரயில் நிக்குது. பஸ்ஸால சரளை வழி போக முடியல, பனி. இறங்கி நடந்து வரோம்.'

மார்லிஸிடம் காட்டினேன். அவள் படித்தாள், கண்ணை மூடித் திறந்தாள். "மன்றம் சார்பா தள்ளி வைக்கச் சொல்லிக் கேக்க முடியாது," என்றாள் மெதுவாக. "கேட்டா ஒரு பக்கத்துக்காகக் கேட்ட மாதிரி."

"அவங்க பனியில நடந்து வராங்க மார்லிஸ்!"

"தெரியுது."

மேடையில் கெர்ஹார்ட் கண்ணாடியைப் போட்டார். "சரளைச் சாலைக் கேட். பொதுமக்கள் கருத்து. யாராவது?" காலி நாற்காலிகளைப் பார்த்தார். "யாரும் இல்லைன்னா ஓட்டெடுப்புக்குப் போகலாம்."

பேட்ஜைக் கழற்றினேன். ஊசி விரலில் குத்தியது. மைக்குக்கு ஓடினேன். தெற்கிலிருந்து ஆட்கள் நடந்து வருகிறார்கள், ரயில் வழியை அடைத்து நிற்கிறது, தயவுசெய்து காத்திருங்கள் என்றேன்.

"நேரம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா," என்றார் கெர்ஹார்ட். "பேசறதுக்கு ஆள் இருக்கிற வரைக்கும் கேப்போம். இல்லேன்னா ஓட்டு. அதுதான் விதி. உனக்கு இன்னும் நேரம் இருக்கு, பேசு."

நிறுத்தி நிதானமாகப் பேசியிருக்க வேண்டும். எனக்கு அது வராது. அம்மா, ஆம்புலன்ஸ், ஆலை, நாற்றம், நீச்சல் குளம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். முடித்தபோது எனக்கே தெரிந்தது, ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. வேறு வார்த்தை வரவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"வேற யாராவது?"

யாரும் இல்லை. கெர்ஹார்ட் மரச் சுத்தியலைக் கையில் எடுத்தார்.

அப்போது என் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. லவோன் எழுந்து நின்று பேட்ஜைக் கழற்ற ஆரம்பித்தாள். மூட்டு வலி பிடித்த விரல்கள், ஊசி வர மறுத்தது. அறையே பார்த்துக்கொண்டிருந்தது. யாரையும் உதவ விடவில்லை. கழற்றினாள், பையில் போட்டாள், பைக்கு ஜிப் இழுத்தாள். முடிந்தது, என்று நினைத்தேன். எதிராகப் பேசி எங்களைப் புதைத்துவிட்டுத்தான் உட்காருவாள்.

மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். கண்ணாடியைத் துடைத்தாள். தண்ணீர் கேட்டாள். ஒரு உறுப்பினர் எழுந்து போய்க் கொண்டுவந்தார்.

"நான் லவோன் ஸ்டுக்கி. நான் எனக்காக மட்டும் பேசுறேன். அந்தக் கேட்டை மூடணும். ஏன்னு சொல்றேன்."

சொன்னாள். அவசரமே இல்லாமல். அவளுக்கு டெனிஸ் என்று ஒரு தம்பி. அப்போது பத்தொன்பது வயது. பனிமூட்டமான ஒரு காலை, அப்பாவின் பிக்கப் வண்டியில் சோளம் ஏற்றிக்கொண்டு அந்தச் சரளைச் சாலையில் போனான். கட்டை இல்லை, விளக்கு இல்லை. ரயில் வந்தது அவனுக்குத் தெரியவில்லை. சோளம் தண்டவாளம் முழுக்கச் சிதறிக் கிடந்ததாம். வசந்தம் வரைக்கும் காக்காய்கள் அங்கேயே இருந்தனவாம்.

"அதுக்கு அப்புறம் அந்த வழியில நான் ஒரு தடவைகூடப் போனதில்ல," என்றாள். "அதை மூடிட்டா நான் தினமும் கொஞ்சம் நல்லாத் தூங்குவேன்."

ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். பேச்சு முடிந்ததென்று எல்லோரும் நினைத்தோம். அவள் மைக்கை விட்டு நகரவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஊரிலேயே நேரத்தின் மேல் அவளைவிடக் கண்டிப்பான ஆள் கிடையாது.

"எனக்கு இன்னும் நேரம் இருக்கு," என்றாள். "டெனிஸைப் பத்திச் சொல்றேன். அவனுக்கு மீன் பிடிக்கவே வராது. ஆனா மீன் பிடிக்கப் போவான்..."

அவளைப் பார்த்தேன். அவள் கண் மேயர் மேல் இல்லை, உறுப்பினர்கள் மேல் இல்லை. அவர்களின் தலைக்கு மேலே, ஜன்னலில் இருந்தது.

எனக்குப் புரிந்தது. அவள் தன் பக்கத்து ஆட்களுக்காகக் காத்திருக்கவில்லை. தன்னைத் தோற்கடிக்கப் போகிறவர்களுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செத்துப்போன தம்பியின் பேரைச் சொல்லி, ஒரு வார்த்தை பொய் இல்லாமல், தனக்குச் சொந்தமான கடைசி நொடி வரைக்கும்.

மூன்று நிமிடம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்ததும் சட்டென்று நிறுத்தினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். யாரையும் பார்க்கவில்லை.

அவள் உட்காரும் முன்பே நூலகத்தில் வேலை பார்க்கும் டானா பேட்ஜைக் கழற்றிக்கொண்டிருந்தாள். யாரும் யாருக்கும் கண் காட்டவில்லை. டானா பனி அள்ளும் வண்டி எந்தத் தெருவுக்கு எப்போது வருகிறது என்று பேசினாள். அடுத்து ஜாய்ஸ், பால் பண்ணைக்காரி.

"எனக்கு இன்னும் முடிவு தெரியலை," என்றாள் ஜாய்ஸ். "ஏன் தெரியலைங்கிறதை விளக்கமாச் சொல்றேன்."

"ஜாய்ஸ், கேட்டைப் பத்திப் பேசு."

"அங்கதான் வந்துட்டு இருக்கேன் மேயர். முதல்ல எங்க வீட்டு மாட்டைப் பத்திச் சொல்லணும்."

ஒரு உறுப்பினர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கெர்ஹார்ட் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். விதி என்று அவரே சொன்னாரே, ஆள் இருக்கிற வரைக்கும் கேட்பேன் என்று.

அப்படி ஒருத்தி போக ஒருத்தி. மூடணும் என்றவர்கள் இருந்தார்கள், கூடாது என்றவர்கள் இருந்தார்கள். உள்ளபடி தங்களுக்குத் தோன்றியதைத்தான் சொன்னார்கள், ஆனால் ஒவ்வொருத்தியும் தன் மூன்று நிமிடத்தைச் சுரண்டிச் சுரண்டி, துளி மிச்சம் வைக்காமல் செலவழித்தாள். மார்லிஸ் மட்டும் எழுந்திருக்கவில்லை. தலைவி பேட்ஜைக் கழற்றக் கூடாது. அவள் மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

கடைசி ஆளும் பேசி முடித்தாள். பேசாமல் மிச்சமிருந்தது மார்லிஸ் மட்டும்தான்.

கெர்ஹார்ட் வாயைத் திறந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண் உறுப்பினர், "கொஞ்சம் இருங்க," என்றாள். அவள் ஜன்னலைப் பார்த்தாள். "அங்க என்ன அது?"

நாற்காலிகள் நகர்ந்தன. மேடையில் இருந்தவர்கள் எழுந்து ஜன்னலுக்குப் போனார்கள். நானும் போனேன்.

இருட்டிவிட்டது, பனி நின்றிருந்தது. ஊருக்குத் தெற்கே ரயில், கறுப்பாக, அசையாமல், மேற்கிலிருந்து கிழக்கு வரைக்கும் ஒரு மதில் மாதிரி. அதன் அந்தப் பக்கத்தில், தண்டவாளத்தை ஒட்டி, வெளிச்சப் புள்ளிகள். போன் விளக்குகள், ஆலையில் தலையில் மாட்டிக்கொள்ளும் விளக்குகள். ஒன்றன் பின் ஒன்றாக, ரயில் பெட்டிகளின் இடுக்குகளில் மின்னி மறைந்து, கிழக்கே போய்க்கொண்டிருந்தன. முதல் வெளிச்சம் ரயிலின் வாலைத் தாண்டியது. சரளைச் சாலைக் கேட்டில் ஏறியது. இந்தப் பக்கம் இறங்கி ஊரைப் பார்த்துத் திரும்பியது. அதன் பின்னால் அடுத்தது. அடுத்தது. கடைசியை எங்களால் பார்க்க முடியவில்லை. முன்னால் வந்தவர்கள் இந்தப் பக்கத்துத் தானியக் கிடங்கை எட்டியபோதும் பின்னால் இன்னும் டிரெய்லர் வீடுகளிலிருந்து வெளிச்சம் கிளம்பிக்கொண்டிருந்தது. பேருந்தில் ஏறாதவர்களும் வீட்டை விட்டு இறங்கிவிட்டார்கள்.

நான் பிறந்ததிலிருந்து அந்த ஆட்களோடு இருக்கிறேன். ஒவ்வொருவர் வீட்டிலும் சாப்பிட்டிருக்கிறேன். அவர்கள் இத்தனை பேர் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். வானத்தில் பார்க்க வேண்டியதைத் தரையில் பார்த்த மாதிரி இருந்தது. கெர்ஹார்ட் ஜன்னல் கண்ணாடியோடு நெற்றியை ஒட்டி வைத்துப் பார்த்தார். மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது, சட்டைக் கையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"காத்திருக்கலாம்," என்றார், யாரிடமென்று இல்லாமல்.

வந்தார்கள். படிக்கட்டு முழுக்கப் பூட்ஸ் சத்தம். அறை நிறைந்தது, சுவரோரம் நிறைந்தது, நடைவழி நிறைந்தது. ஈரக் கம்பளி வாசனை, ஆலை வாசனை. அந்த நாற்றத்தை நகர சபை முதல் முறையாக மூச்சுக்குள் இழுத்தது. அப்பா முதலில் மைக்குக்கு வந்தார். கெர்ஹார்டைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். பழக்கம். ஆனால் பேசினார்.

"நான் எராஸ்மோ. வெட்டுப் பிரிவு. இந்த வழியாத்தான் இப்போ வந்தோம். என் பொண்டாட்டி நொயெமி உயிரோட இருக்கிறதும் இந்த வழியாலதான். அவ்வளவுதாங்க. மிச்ச நேரம் எனக்கு வேணாம், பின்னாடி நிக்கிறவங்களுக்குக் குடுங்க."

பின்னால் நின்றவர்கள் பேசினார்கள். கூட்டத்தின் நடுவிலிருந்து ஆர்லோவும் வந்தார். தேவாலயத்துக்குப் போடுகிற ஷூ, நனைந்து சப்பென்று போயிருந்தது. அவர் தோளில் யாரோ ஆலைக் கோட்டைப் போர்த்தியிருந்தார்கள்.

"மூடணும்னு பேசத்தான் வந்தேன்," என்றார் ஆர்லோ. "எழுதிகூட வெச்சிருக்கேன். நனைஞ்சிருச்சு. இந்தப் பசங்க ரெண்டு பேரு என்னைத் தூக்காத குறையா கூட்டிட்டு வந்தாங்க. இப்போதைக்கு எனக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்ல. யாராவது காப்பி குடுங்கப்பா."

கேட்டை மூட வேண்டாம் என்று ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் முடிவானது. கெர்ஹார்டின் ஓட்டு அதற்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால் எந்தப் பக்கம் போட்டிருப்பார் என்று எனக்குத் தெரியாது. கத்தல், கட்டிப்பிடித்தல். அப்பாவைச் சுற்றி ஆட்கள். நான் லவோனைத் தேடினேன். அவள் அறையின் மூலையில் கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நன்றி என்றால் அவளுக்கு அது அவமானம். அவள் எனக்காகச் செய்யவில்லை.

"நீங்க தோத்துட்டீங்க," என்றேன். வாயில் வந்தது அதுதான்.

"தோத்துட்டேன்," என்றாள். "அடுத்த மாசம் அங்க விளக்கும் கட்டையும் வைக்கச் சொல்லி வந்து கேப்பேன். அதுக்கும் அடுத்த மாசம் கேப்பேன். நீ பேட்ஜோட உட்கார்ந்து கேளு." அப்புறம் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினாள். "இவங்கெல்லாம் எப்படித் திரும்பிப் போவாங்க? ரயில் இன்னும் நிக்குது."

"நடந்துதான்."

"உங்கப்பா பக்கத்துல ஒரு வயசான அம்மா நடுங்கிட்டு இருக்காங்க. என் பிக்கப் பெரிசு. நாலு சக்கரமும் இழுக்கும். வரச் சொல்லு."

அந்த வழியாகவா என்று நான் கேட்கவில்லை. வேறு வழி கிடையாது.

அந்த அம்மாவை முன்னால் உட்கார வைத்தோம், அப்பாவும் நானும் இன்னும் மூன்று பேரும் பின் இருக்கையில் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கிக்கொண்டோம். தானியக் கிடங்கைத் தாண்டிச் சரளைச் சாலையில் திரும்பினாள். நூற்றுக்கணக்கான கால்கள் மிதித்து ஒரு பாதை போட்டிருந்தன, சக்கரங்கள் அதிலேயே போயின. நடந்து திரும்புகிறவர்கள் ஓரமாக ஒதுங்கி வழி விட்டார்கள். வெள்ளைப் பலகை தெரிந்ததும் லவோன் வண்டியை நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். தன் பக்கத்துக் கண்ணாடியை முழுசாக இறக்கினாள். குளிர் உள்ளே பாய்ந்தது. கையை எட்டி அந்த அம்மாவின் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கினாள்.

கேட்டாள். ரயில் சத்தம் வருகிறதா என்று இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை. மறுபடி இந்தப் பக்கம். ஸ்டியரிங்கில் அவள் கைகள் அசையவில்லை. அப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் நடந்து வந்தவர்களும் ஏனென்று தெரியாமலே நின்றுவிட்டார்கள். அத்தனை பேரும் அவளோடு சேர்ந்து அந்த இருட்டைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

லவோன் எஞ்சினைக் கிளப்பினாள். முன் சக்கரங்கள் தண்டவாளத்தில் ஏறின.